எண்ணெய் படாத துணி

“பிரஷ்ஷே வேண்டாங்கேன். ஆண்டவன் பத்து பிரஷ்ஷ கையிலயே வச்சு அனுப்பியிருக்கான். அத விட்டுட்டு கடையில போயி ஒண்ணு வாங்கப் போறாளாம்.”

“அந்தப் பத்தையும் எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி இரிங்க. ஷூவத் தொடாதிய.”

“தொடாம எப்படிட்டி பாலிஷ் ஏறும்? உசுருள்ள ஒடம்புல எண்ணெ ஏத்துதவன் நானு. இந்தச் செத்த தோலுல பாலிஷ் ஏத்த மாட்டனாக்கும்?”

வேல்விழி ஷூவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் பொழுது போகும். இன்றைக்குப் போக்குவதற்கு அவளிடம் பொழுது இல்லை. சமையலறை வாசலில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் அவளுடைய கறுப்பு ஷூ இரண்டும், குளத்தை விட்டு எழ மனமில்லாத எருமைக்கன்றுகளைப் போல மந்தமாகக் கிடந்தன. எதிரே அவள் கணவன் மாரிராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கட்டைவிரல்களை ஒன்றோடொன்று உரசிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். வேலை தொடங்குமுன் அவன் எப்போதும் செய்வது அது.

குற்றாலம் மெயினருவிக்குப் போகும் பாதையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் மாரிராஜ். சீசனில் வந்துபோகும் பாதி மதுரையின் முதுகு தன் கைபட்டதுதான் என்று சொல்லிக்கொள்வான். தோள்பட்டையில் எங்கே பிடித்திருக்கிறது என்பதை ஆள் நடந்து வருகிற வாக்கிலேயே கண்டுபிடித்துவிடுவான். அதனால் உலகத்தில் உள்ள எந்தத் தோலும் தன் விரலுக்கு அடங்கும் என்று நம்பினான். வேல்விழியின் ஷூ மட்டும் அடங்கவில்லை.

விடிந்தால் சுதந்திர தினம். தென்காசி மைதானத்தில் அணிவகுப்பு. அதில் ஊர்க்காவல் படைப் பெண்கள் அணியின் முதல் வரிசையில் வேல்விழிக்கு ஓர் இடம் இருந்தது. இன்று காலை ஒத்திகை வரைக்கும் அது உறுதியான இடமாகவும் இருந்தது.

கமாண்டர் முத்துக்குமாரசாமிக்கு ஆளைப் பார்க்குமுன் காலைப் பார்க்கிற பழக்கம். வரிசையின் வலது கோடியிலிருந்து குனிந்த தலையோடு வருவார். ஷூ திருப்தியாக இருந்தால்தான் முகத்துக்கு ஏறுவார். இன்றைக்கு வேல்விழியின் முன்னால் வந்தவர் முகத்துக்கு ஏறவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“இதுல என் மூஞ்சி தெரியணும். மூஞ்சி வேண்டாம்மா, மீசையாவது தெரியணும். நாளைக்குத் தெரியலன்னா உன் இடத்துல ரூபி நிப்பா.”

அவ்வளவுதான். அடுத்த ஷூவுக்குப் போய்விட்டார்.

ரூபிதான் ரிசர்வ். யாராவது மயங்கி விழுந்தால், காய்ச்சலில் படுத்தால், ஷூ மின்னாமல் போனால், அந்த இடத்தில் ஏறி நிற்பதற்காக முழு யூனிஃபார்மில் ஓரமாக நிற்கிறவள். முத்துக்குமாரசாமியின் அணியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் சட்டைப்பையிலும் துணி துருத்திக்கொண்டு தெரியக்கூடாது என்பதால், கடைசி நேரத்தில் தூசி தட்டுகிற துணி ரிசர்விடம்தான் இருக்கும். வரிசை நின்றதும் ரிசர்வ் பின்னாலேயே நடந்து வருவாள். வேண்டியவர்கள் கையைப் பின்னால் நீட்டித் துணியை வாங்கி, காலைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். யாருடைய ஷூ மங்கினால் தனக்கு இடம் கிடைக்குமோ, அவர்களுடைய ஷூவைத் துடைக்கிற துணியைச் சுமந்துகொண்டு நிற்பது ரிசர்வின் தலையெழுத்து. இதில் உள்ள வேடிக்கையை முத்துக்குமாரசாமி கவனித்ததாகத் தெரியவில்லை.

வேல்விழி கவனித்திருந்தாள். ஜனவரியில், குடியரசு தினத்தன்று, ரிசர்வாக நின்றது அவள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் துணியைக் கொடுத்தாள். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் இந்த ஒரு ஷூ மட்டும் மங்கிப் போகட்டுமே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். ஒன்றும் மங்கவில்லை. அணி கிளம்பி, காலடிச் சத்தம் தூரமாகிக் கரைகிற வரை, இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த மேஜைக்குப் பக்கத்தில் துணியோடு நின்றாள்.

அதனால் இந்த முறை அவளுக்கு அந்த இடம் வேண்டும். சீசன் முழுக்க அருவிக்கரையில் விசில் ஊதி, வழுக்குகிற பாறையிலிருந்து பெண்களை இறக்கிவிட்டு, செல்ஃபி எடுப்பவர்களிடம் வசவு வாங்கியது எல்லாம் ஊருக்கான வேலை. மேடையைக் கடக்கிற அந்த நடை மட்டும் அவளுக்கானது. அவள் அம்மா குருவம்மாள் சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். அதைச் சுரண்டை முழுவதுக்கும் சொல்லியும் விட்டாள்.

அந்த நடை வேல்விழியின் கனவில் பல தடவை வந்திருக்கிறது. மலை மேல் மேகம் இறங்கியிருக்கும். மைதானம் கண்ணாடிபோலக் கிடக்கும். தன் கால்கள் தனக்குச் சொந்தமில்லாதவை போல மற்ற கால்களோடு ஒன்றாக எழும், ஒன்றாக விழும். கனவில் யாரும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஷூ தானாகவே மின்னியது.

நிஜத்தில் மதியத்திலிருந்து தேய்க்கிறாள். முதலில் பழைய டூத்பிரஷ். அது உழுத வயல் மாதிரி கோடு கோடாக இழுத்துவிட்டு, மயிரெல்லாம் பிளந்து போய்ச் செத்தது. அடுத்தது பாத்திரம் விளக்குகிற ஸ்பாஞ்ச். அது டப்பாவில் பாதியைக் குடித்துவிட்டு ஒரு சொட்டைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. பஞ்சு, இழை இழையாக ஒட்டிக்கொண்டு ஷூவுக்கு நரைமுடி முளைக்க வைத்தது. கடைசியில் மாரிராஜின் கிழிந்த பனியன். அதில் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு ஏறியது; மினுக்கம் மட்டும் ஏறவில்லை. விரலை வைத்தால் வழுக்கியது. ஜன்னல் வழியாக வந்த தூசி, விருந்துக்கு அழைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

போனில் ஓடிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மரப்பெட்டியைத் திறந்து, பூசுவதற்கு ஒரு குட்டி பிரஷ், மினுக்குவதற்கு ஒரு நீள பிரஷ், முனையை முகம் பார்க்கிற அளவுக்கு ஏற்றுவதற்கு மெல்லிய துணி என்று வரிசையாக எடுத்து வைத்தார். பூஜை சாமான் எடுத்து வைக்கிற நிதானம் அவருக்கு. அவர் வீட்டில் மாரிராஜ் இல்லை.

“நாளைக்கு லிக்விட் பாலிஷ் அடிச்சுட்டுப் போயேன்,” என்றான் மாரிராஜ். “தண்ணி மாரி இருக்கும். ஒரு இழுப்புல முடிஞ்சு போவும்.”

லிக்விட் பூசியவளை முத்துக்குமாரசாமி வாசலோடு அனுப்பிவிடுவார் என்பதை அவள் அவனுக்கு முன்பே சொல்லியிருந்தாள். போன வருஷ ஒத்திகையில் சாரல் அடித்தபோது ஒருத்தியின் ஷூ கரைந்து, சாக்ஸில் கறுப்பாக வழிந்ததையும் சொல்லியிருந்தாள். அவன் மறந்துவிட்டான். அவன் மறக்கிறவன்தான், தான் சொன்னதை மட்டும் மறக்காதவன்.

பெருமூச்சோடு அவள் டப்பாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பாலிஷ் சாய்ந்தது. கட்டியாக இருக்க வேண்டிய பாலிஷ், குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெய் மாதிரி ஓரமாக நகர்ந்து வந்து நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள். வார்னிஷ் வாடைக்கு அடியில் வேறொரு வாடை, அவளுக்கு மிகப் பழகிய வாடை இருந்தது.

“இதுல என்ன ஊத்துனிய?”

மாரிராஜ் விரல் உரசுவதை நிறுத்தவில்லை. “ரெண்டு சொட்டு நல்லெண்ணெ. இறுகிப் போயி கெடந்துச்சு, இழுக்கல. எண்ணெ விட்டா ஓடும்லா.”

“எப்ப ஊத்துனிய?”

“வாங்கிட்டு வந்த அன்னைக்கே. நீ டூட்டிக்குப் போயிருந்த. வந்து கஷ்டப்படுவியேன்னு...”

காலையில் ரூபி அவள் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தது வேல்விழிக்கு ஞாபகம் வந்தது. புளியங்குடிக்காரி, எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் மகள், வாய் கொஞ்சம் புளிப்பு. ‘அக்கா, இதுல அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கே’ என்றாள். வேல்விழி அதை ரிசர்வின் வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டாள். அது வயிற்றெரிச்சல் இல்லை, வெறும் உண்மை.

அவள் எழுந்து டப்பாவை மூடிக் குப்பைக்கூடையில் போட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு பர்ஸை எடுத்தாள். மாரிராஜ் பின்னாலேயே வந்து, தானும் வருவதாகவும் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னான். வேண்டாம், நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருப்பதுதான் பெரிய உதவி என்றாள். அவன் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காதவளாக இறங்கினாள்.

தென்காசி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நனைந்த துண்டும் ஈரத்தலையுமாகக் குற்றாலத்திலிருந்து திரும்புகிற கூட்டம். வண்டி முழுக்க எண்ணெயும் சீயக்காயும் மணத்தது. எல்லார் உடம்பிலும் அவள் கணவனோ அவன் கூட்டாளிகளோ தேய்த்த எண்ணெய். ஒருவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். ஜன்னலுக்கு வெளியே வயலுக்கு அந்தப் பக்கம் மலை பாதி அழிந்து நின்றது. மேகம் அதை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தது. மேகத்துக்கு மட்டும் எவ்வளவு நல்ல துணி கிடைத்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சேக் தாவூதின் கடையில் குடை, பை, செருப்பு, பூட்டு, பள்ளிக்கூடப் பெல்ட் எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். ஷூ பாலிஷ் போடுகிற பிரஷ் வேண்டும் என்று கேட்டதும், அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பூசுவதற்கா தேய்ப்பதற்கா என்று கேட்டார். இரண்டுக்கும் என்றாள். இரண்டும் இல்லை என்றார். கொடியேற்றத்துக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பாலிஷ் டப்பா ஒன்று மட்டும் கிடைத்தது. வேண்டுமானால் லிக்விட் இருக்கிறது என்றார். அவள் பார்த்த பார்வையில் அதைத் தானாகவே உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு பெட்டிகளைப் புரட்டி, அடியிலிருந்து ஒரு நீள பிரஷ்ஷை உருவி மேஜையில் வைத்தார். குதிரை முடி, ஒஸ்தி சாமான் என்றார். வேல்விழி போனில் பார்த்தபடி அதைக் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். கன்னம் எரிந்தது.

“இது குதிர முடியா பாய்?”

“குதிரைய நான் எங்கம்மா பாத்தேன்? டப்பாவுல போட்டிருக்கும்.”

“டப்பாவுல ஒண்ணும் போடலியே.”

“அப்ப முடின்னு மட்டும் வச்சுக்க.”

அவர் சொன்னதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அவர் காலில் கிடந்தது ரப்பர் செருப்பு. ஷூ போடுகிற மனுஷரில்லை. ஆனால் அந்த நாளில் தான் சந்தித்த ஒவ்வோர் ஆணும் தெரியாத விஷயத்தை எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறான் என்று வேல்விழிக்கு அலுப்பாக வந்தது. அப்போதுதான் கண்ணாடி அலமாரிக்குள், பைகளுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய மரப்பிடி பிரஷ் அவள் கண்ணில் பட்டது. அது விற்பனைக்கு இல்லை. பையிலும் குடையிலும் படிகிற தூசியைத் தட்ட அவர் வைத்திருந்தது. கேட்டு வாங்கிக் கன்னத்தில் வைத்தாள். பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

கடை பிரஷ்ஷை விற்க முடியாது என்று சேக் தாவூது கண்டிப்பாகச் சொன்னார். நாளைக்கு மேடைக்கு முன்னால் நடக்கப்போகிறவள் என்பதைச் சொன்ன பிறகு, கொடியேற்றி முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து திருப்பித் தந்துவிட வேண்டும் என்று இரவலாகக் கொடுத்தார். அதோடு, வண்டி துடைக்கிற மஞ்சள் துணி கட்டாகத் தொங்கியதைக் காட்டி, இதில் ஒன்று வேண்டாமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றாள். வீடு நிறையக் கிழிந்த வேட்டியும் துண்டும் கிடக்கிறவள் துணியைக் கடையில் வாங்குவாளா?

அதைப் போன்ற ஒரு முட்டாள்தனத்தை அந்த ஷூ விஷயத்தில் மாரிராஜ்கூடச் செய்யவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

வந்ததும் ஷூவிலிருந்து பழைய எண்ணெய்ப் பாலிஷை எடுத்தாக வேண்டியிருந்தது. சோப்பு போட்டால் தோல் வெடித்துவிடுமோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாரிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, எண்ணெய் எடுக்கச் சீயக்காய் போடலாமே என்றான். மதியத்திலிருந்து அவன் சொன்ன யோசனைகளில் உருப்படியான முதல் யோசனை அது. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சீயக்காய்த்தூளை எடுத்துக் குழைத்து, ஷூவை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் தலையைப் போலத் தேய்த்துவிட்டாள். துடைத்து, மேஜை விசிறியின் முன்னால் வைத்து, தையல் இடுக்கில் புகுந்த தூளைக் கடை பிரஷ்ஷால் தட்டியபோது தோல் உலர்ந்து, சுத்தமாக, வெறுமையாக இருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

புது டப்பாவைத் திறந்து, துவைத்து மடித்து வைத்திருந்த துண்டில் ஒரு முனையை விரலில் சுற்றிப் பாலிஷை மெல்லியதாகப் பூசினாள். காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியால் வட்டமாகத் தேய்த்தாள். முனை மங்கலாகவே நின்றது. மறுபடி பூசினாள், மறுபடி தேய்த்தாள். மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி ஒரு புகை படர்ந்ததே தவிர மினுக்கவில்லை. எரிச்சலில் கையை உதறியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தத் துண்டின் மேல் விழுந்தது. விழுந்தது ஊறவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல உருண்டையாக நின்று ஆடியது.

வேல்விழி அந்தச் சொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டில் ஒரு சொட்டு விட்டாள், நின்றது. மடித்து வைத்த வேட்டியில் விட்டாள், நின்றது. தலையணை உறை, போர்வை, கைக்குட்டை, அவளுடைய பழைய வாயில் சேலை, ஒவ்வொன்றிலும் சொட்டு முத்து மாதிரி உட்கார்ந்து அவளைப் பார்த்தது. ஒரே வாளி, ஒரே துவைகல். வருஷக்கணக்காக அவன் துணியில் இருந்த எண்ணெய் எல்லார் துணிக்கும் நடந்து போயிருக்கிறது. யூனிஃபார்ம் மட்டும் சலவைக்கடையில் வெளுப்பதால் தப்பித்திருக்கிறது. மாரிராஜ் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

“என்னட்டி செய்யுத? வீட்டுக்குத் தண்ணி தெளிக்கியா?”

“இந்த வீட்டுல எண்ணெ படாத துணி ஒண்ணே ஒண்ணு இருக்கான்னு தேடுதேன்.”

“எல்லாம் தொவச்ச துணிதான.”

“தொவச்ச துணிதான். உங்க கை பட்ட துணி.”

அவள் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் அதைச் சோர்ந்துபோய், தரையைப் பார்த்துச் சொன்னாள். அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கடை அடைத்திருக்கும். மஞ்சள் துணி கட்டாகத் தொங்கிய காட்சி அவள் கண்முன் வந்து ஆடியது. பக்கத்து வீடுகளில் கேட்கலாம் என்றால், வலப்பக்கமும் இடப்பக்கமும் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வீடுதான். கடைசியாக அவள் பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், தீபாவளிக்கு அவள் அம்மா மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்த மெல்லிய வேட்டி இருந்தது. உறையைப் பிரித்து ஒரு சொட்டு விட்டாள். சொட்டு ஒரு கணம் யோசித்துவிட்டு, பரவி, மறைந்தது.

கத்தரிக்கோல் எடுத்து வருவதற்குள் அவளுக்கு இரண்டு மனம் வரவில்லை. முந்தி ஓரமாக ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டாள். வெட்டிய பிறகுதான் மாரிராஜ் வாயைத் திறந்தான்.

“நாளைக்கு அதத்தான் உடுத்திக்கிட்டு வரலாம்னு வச்சிருந்தேன்.”

“எங்க வாரதுக்கு?”

“எங்கயா? நீ நடக்கதப் பாக்கத்தான்.”

சுதந்திர தினமென்றால் அருவிக்கரையில் தலை வைக்க இடமிருக்காது. சீசனிலேயே அவனுக்குப் பெரிய நாள் அது. அவன் வருவான் என்று அவள் நினைக்கவே இல்லை, கேட்கவும் இல்லை. கையில் வெள்ளைத் துண்டுத்துணியோடு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் அன்றைய நாளின் எரிச்சல் இன்னும் அடங்காததால், வெட்டினது ஓரந்தான், உள்ளே செருகிக் கட்டினால் தெரியாது என்று மட்டும் சொன்னாள்.

துணியை அலசி, கஞ்சி போக்கி, இஸ்திரிப்பெட்டியால் உலர்த்தினாள். சாரல் காலத்தில் வேறெப்படியும் எதுவும் காயாது. விரலில் இறுகச் சுற்றிக்கொண்டாள். பாலிஷில் தொட்டும் தொடாமலும் ஒற்றி, ஷூ முனையில் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு வட்டம். முதலில் புகை வந்தது. பிறகு புகை மெல்ல விலகி, அதற்குள்ளிருந்து குழல்விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக எழுந்து வந்தது. கோடு கூர்மையானது. அதற்குக் கீழே ஒரு நெற்றி, ஒரு பொட்டு. குனிந்து பார்த்தாள். களைத்துப்போன ஒரு பெண் ஷூவுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் மேல் வேல்விழிக்குப் பிரியம் வந்தது.

மாரிராஜ் எட்டி நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். “மீச தெரியுமாட்டி?” என்று கேட்டான். தெரியும் என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்காக அவள் ஷூவை அவனுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடவில்லை. உறை போட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் சாரல் விட்டிருந்தது. மாரிராஜ் விடியுமுன்னே அருவிக்குப் போய், அவளைக் கூட்டிப்போகிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். விருதுநகர்க்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து வந்தானாம். வெட்டுப்பட்ட வேட்டியைத்தான் உடுத்தியிருந்தான். ஓரம் தெரியாமல் செருகியிருந்தான். வண்டியில் ஏறுமுன் அவள் கை கழுவினீர்களா என்று கேட்டாள். இரண்டு தடவை, சோப்பும் சீயக்காயும் போட்டு என்றான். கையை மோந்து பார்க்கவும் நீட்டினான். வேண்டாம் என்று அவள் ஏறி உட்கார்ந்து, ஷூப் பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள்.

மைதானத்தின் வாசலில் குருவம்மாள் காத்திருந்தாள். மகளின் தொப்பியைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் பந்தலை நோக்கிப் போனாள். வேல்விழி சுவரோரத் திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, ஷூவை எடுத்து மாட்டினாள். கஞ்சி போட்டு இறுகிய யூனிஃபார்மில் குனிந்து நாடா கட்டுவது சிரமமாக இருந்தது. மாரிராஜ் எதிரே குந்திக்கொண்டான். நாடாவைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னான். நாடாவை மட்டும் என்றாள். நாடாவை மட்டுந்தான் என்றான்.

அந்த நேரத்தில் உள்ளே விசில் ஊதியது. அவள் தலையைத் திருப்பி, அணி கூடுகிற இடத்தைப் பார்த்தாள். ரூபி ஏற்கெனவே வந்திருந்தாள். கையில் மடித்த வெள்ளைத் துணி, காலில் கண்ணைப் பறிக்கிற ஷூ. அவள் வீட்டிலிருந்தும் யாரோ வந்திருக்க வேண்டும். பந்தல் பக்கம் அடிக்கடி பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜனவரியில் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று வேல்விழிக்குத் தோன்றியது.

“ஆச்சு,” என்று மாரிராஜ் எழுந்தான். முகம் பூத்திருந்தது. “வலது முனையில ஒரு பொட்டு தூசி இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன்.”

“எத வச்சு எடுத்திய?”

அவன் கையை விரித்தான். கட்டைவிரலைப் பார்த்தான். அப்புறம் அவள் காலைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த பூ அப்படியே வாடியது.

இரண்டாவது விசிலும் ஊதியது. கேட்க, திட்ட, அழ எதற்கும் நேரமில்லாமல் அவள் ஓடினாள். முதல் வரிசையில் தன் இடத்தில் போய் நின்ற பிறகுதான் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்க முடிந்தது. இடது ஷூவில் வானம் முழுசாக இருந்தது. மேகம் அதன் மேல் நகர்ந்தது. வலது ஷூவில், சரியாக முனையின் நடுவில், முதுகுகளைத் தேய்த்துத் தேய்த்து அகன்றுபோன ஒரு கட்டைவிரலின் ரேகை முழுவதுமாக, தெளிவாகப் பதிந்திருந்தது. வானம் அந்த இடத்தில் மட்டும் அணைந்துபோயிருந்தது.

வேலிக்கு வெளியே மாரிராஜ் நிற்பது தெரிந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

விறைத்து நிற்கச் சொல்லும் கட்டளை இன்னும் வரவில்லை. வலது கோடியில் முத்துக்குமாரசாமி குனிந்த தலையோடு நடக்கத் தொடங்கிவிட்டார். ஒரு ஷூ, ஒரு முகம். அடுத்த ஷூ, அடுத்த முகம். முகத்துக்கு ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அவர் திருப்தியாகத் தலையசைத்தார். பின்னால் மண்ணில் மெல்லிய காலடி வந்து, வேல்விழியின் முதுகுக்கு நேராக நின்றது. ரூபி கீழே பார்த்திருப்பாள். பார்த்ததும் அவள் மூச்சு ஒரு கணம் நின்றது வேல்விழிக்குக் கேட்டது.

வேல்விழி திரும்பவில்லை. உதடு அசையாமல், கையை மட்டும் இடுப்புக்குப் பின்னால் விரித்து நீட்டினாள்.

“ரூபி, அந்தத் துணியக் கொஞ்சம் தாயேன்.”